புதிய இயங்குதளத்திற்கு மாறும்போது தமிழ்ப் பனுவல்களைக் காத்தல்: எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை அமைப்புகளின் இடம்பெயர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தமிழ்க் கணினியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முழுமையானதன்று. பழைய தமிழ்க் கோப்புகள் பல, அவை உருவான கணினியின் எழுத்துருவையும் விசைப்பலகை மென்பொருளையும் சார்ந்து நிற்பவை. அந்த அமைப்புகள் அழிந்தால் கோப்பு இருந்தும் பனுவலைப் படிக்க இயலாது. தமிழ்க் குறியேற்ற வரலாற்றின் பின்னணியில் இச்சிக்கலை விளக்கி, இயங்குதள மாற்றத்தின் முன்னும் பின்னும் மேற்கொள்ளத்தக்க நடைமுறைகளை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், எழுத்துரு, குறியேற்றம், ஒருங்குறி, தமிழ்99, பாமினி, இடம்பெயர்ப்பு.

முன்னுரை

மதுரை – திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வாடிப்பட்டி ஒரு வட்டத் தலைமையிடம். இத்தகைய ஊர்களில் தமிழில் தட்டச்சு செய்யப்படும் கணினிகளைப் பெரும்பாலும் மூன்று இடங்களில் காணலாம். முதலாவது, மனுக்களும் அழைப்பிதழ்களும் உருவாகும் கணினித் தட்டச்சகங்கள், ஜெராக்ஸ் கடைகள். இரண்டாவது, கிரயம், அடைமானம், பாகப்பிரிவினை ஆகிய பத்திரங்களின் முன்வரைவுகளைச் சேமித்து வைத்திருக்கும் ஆவண எழுத்தர் அலுவலகங்கள். மூன்றாவது, மாணவர்கள், ஆய்வாளர்களின் இல்லங்கள். இம்மூன்றிடத்தும் கணினி மந்தமானாலோ நச்சுநிரல் புகுந்தாலோ மேற்கொள்ளப்படும் தீர்வு ஒன்றே. வழக்கில் அதனை ‘ஃபார்மட் போடுதல்’, ‘ஓ.எஸ். போடுதல்’ என்பர்.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நிறைவடைந்தது. இதற்கு முன் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும் ஆதரவு முடிந்தது. ஆதரவு முடிந்த தளம் உடனே நின்றுவிடாது. ஆயினும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வாராமையால், இணையத்துடன் இணைந்த கணினியை அதிலேயே நெடுநாள் வைத்திருத்தல் தகாது. எனவே இயங்குதள மாற்றம் இன்று பலருக்கும் தவிர்க்க இயலாத பணியாகியுள்ளது. அம்மாற்றத்தில் தமிழ்ப் பனுவல்கள் எவ்வாறு இழக்கப்படுகின்றன, அவ்விழப்பை எவ்வாறு தடுக்கலாம் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

இயங்குதளமும் பயனர் அமைப்புகளும்

ஒரு கணினியில் உள்ளவற்றை நான்கு அடுக்குகளாகப் பகுத்துக் காணலாம். அவை இயங்குதளம், அதன்மேல் நிறுவப்பட்ட மென்பொருள்கள், பயனரின் கோப்புகள், பயனரின் அமைப்புகள் என்பன. முதல் இரண்டையும் மீண்டும் பெற்று நிறுவலாம். மூன்றாவதன் அருமையைப் பலரும் அறிவர். அதனைப் பென் டிரைவிலோ வெளிப்புற வன்தட்டிலோ நகலெடுத்துக்கொள்வர். நான்காவதே கண்ணிற்படாமல் அழிவது. விசைப்பலகைத் தேர்வு, கூடுதலாக நிறுவிய எழுத்துருக்கள், சொல்திருத்தியில் பயனர் சேர்த்த சொற்கள், தானியங்கித் திருத்தப் பட்டியல், சொற்செயலியின் வார்ப்புரு, உலாவியின் நூற்குறிகள் முதலானவை இவ்வடுக்கைச் சார்ந்தவை. விண்டோஸில் இவற்றுட் பல ‘ஆப்டேட்டா’ என்னும் மறைகோப்புறைக்குள் இருக்கின்றன. ‘மை டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையை மட்டும் நகலெடுப்போருக்கு இவை கிட்டுவதில்லை.

இயங்குதளத்தை மாற்றுவதிலும் இருவகை உண்டு. பழைய தளத்தின்மேல் புதிய பதிப்பை ஏற்றுவது மேம்படுத்தல். வன்தட்டின் பகுதியை அழித்துப் புதிதாக நிறுவுவது தூய நிறுவல். மேம்படுத்தலில் மென்பொருள்களும் அமைப்புகளும் பெரும்பாலும் தொடரும். தூய நிறுவலில் அவை எவையும் எஞ்சா. வன்தட்டை அழிக்காமல் அதன்மேலேயே புதிய விண்டோஸை நிறுவினால், பழைய தளத்தின் உள்ளடக்கம் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்னும் கோப்புறையில் ஒதுக்கப்படும். இயல்பாக அது பத்து நாட்களுக்குப் பின் தானே நீக்கப்பட்டுவிடும். மறந்த கோப்பைத் தேடி எடுக்க அந்தச் சிறு இடைவெளியே உண்டு.

விண்டோஸ் 7இல் இருந்த ‘ஈசி டிரான்ஸ்ஃபர்’ என்னும் இடம்பெயர்ப்புக் கருவி விண்டோஸ் 10இல் இடம்பெறவில்லை. இப்போதைய ‘விண்டோஸ் பேக்கப்’ சில அமைப்புகளையும் கோப்புறைகளையும் மைக்ரோசாஃப்ட் கணக்கின்வழி மேகக் கணிமையில் சேமிக்கிறது. ஆனால் தனியே நிறுவப்பட்ட தமிழ் விசைப்பலகை மென்பொருளையோ பழைய எழுத்துருக்களையோ அது புதிய கணினியில் மீள நிறுவித் தராது. தமிழ்ப் பயனருக்கு இன்றியமையாத பகுதி இங்ஙனம் அவருடைய பொறுப்பிலேயே விடப்படுகிறது.

எழுத்துருவே பொருளாக நின்ற காலம்

தமிழுக்கு இச்சிக்கல் ஏன் கூடுதலாக உள்ளது என்பதைக் குறியேற்ற வரலாறு விளக்கும். ஒருங்குறி 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழைக் கொண்டிருந்தது. எனினும் விண்டோஸ் தளத்தில் ஒருங்குறித் தமிழ் விண்டோஸ் 2000 முதலே ‘லதா’ எழுத்துருவுடன் கிடைத்தது. எக்ஸ்பியிலும் சிக்கல் எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு முன்பும், அதன்பின் பல ஆண்டுகளும், ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே பதிப்பகங்களிலும் தட்டச்சகங்களிலும் புழங்கின.

ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் தமிழகத்திலும் பரவிய பாமினி இதற்குத் தக்க சான்று. பாமினியில் எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல், கோப்பினுள் தமிழாகப் பதிவாவதில்லை. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே அது பதிவாகிறது. ஜே இருக்கும் இடத்தில் தகர வடிவத்தையும், அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்ப்புள்ளியையும் வரைந்து காட்டுவது எழுத்துருவே. எனவே அக்கோப்பிலிருந்து எழுத்துருவைப் பிரித்தால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் குறியேற்றம் வகுத்தமையால், ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவிற் படிக்க இயலவில்லை. இந்நிலையைச் சீர்செய்ய 1999இல் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெட்99’ மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்99 விசைப்பலகையும், டாம் எனும் ஒருமொழிக் குறியேற்றமும், டாப் எனும் இருமொழிக் குறியேற்றமும் தமிழக அரசால் தரப்படுத்தப்பட்டன. இணையத் தமிழர்களிடையே டிஸ்கி குறியேற்றம் வழங்கியது. பின்னர் 2010 சூனில் தமிழக அரசு ஒருங்குறியையும், அதனைக் கையாள இயலாத இடங்களுக்கென 16 பிட்டு அனைத்தெழுத்துக் குறியேற்றமான டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. இத்தரங்கள் யாவும் தத்தம் காலத்துக் கோப்புகளை விட்டுச் சென்றுள்ளன. பத்திருபது ஆண்டுகளாக இயங்கும் ஓர் அலுவலகத்தின் வன்தட்டில் இவற்றுட் சில கலந்தே கிடக்கக்கூடும்.

குறியேற்றத்திற்கேற்பச் சேதத்தின் இயல்பும் வேறுபடும். பாமினி பெரும்பாலும் அடிப்படை ஆங்கிலக் குறியெண்களையே பயன்படுத்துவதால், எழுத்துருவை மீண்டும் நிறுவியவுடன் பனுவல் தோன்றிவிடும். டாப், டிஸ்கி ஆகியன ஆங்கிலத்திற்கு இடையூறின்றி 128க்கு மேற்பட்ட குறியெண்களில் தமிழை வைத்தவை. அக்குறியெண்களை ஒருங்குறி சாராப் பழைய மென்பொருள்கள் எவ்வாறு வாசிக்கும் என்பதை விண்டோஸின் மொழி அமைப்பே முடிவுசெய்கிறது. அவ்வமைப்பில் ‘யூடிஎஃப்-8’ பயன்படுத்தும் சோதனைத் தெரிவை இயக்கிவிட்டால், எழுத்துரு இருந்தும் பழைய மென்பொருளில் எழுத்துகள் சிதையலாம். எழுத்துருவை நிறுவிய பின்னும் கட்டங்களும் வினாக்குறிகளும் தோன்றுமாயின் இவ்வமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

எழுத்துருக்களின் இருப்பிடம்

எழுத்துருக்களை நகலெடுப்பதிலும் கவனம் வேண்டும். விண்டோஸ் கோப்புறையினுள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறை பலரும் அறிந்தது. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல், நிர்வாகி உரிமையின்றி ஒரு பயனருக்கு மட்டும் எழுத்துருவை நிறுவும் வசதி வந்தது. அவ்வாறு நிறுவியவை அப்பயனரின் மறைகோப்புறையில் தனியே இருக்கும். ஆகவே இரண்டு இடங்களையும் பார்த்தல் வேண்டும்.

ஒருங்குறி எழுத்துருக்களிலும் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. முன்பு விண்டோஸுடன் இயல்பாக வந்த லதா, விஜயா ஆகியன விண்டோஸ் 10 முதல் ‘தமிழ்த் துணை எழுத்துருக்கள்’ என்னும் விருப்பக் கூறாக ஒதுக்கப்பட்டு, நிர்மலா யூஐ இயல்பான தமிழ் எழுத்துருவாயிற்று. லதாவில் அமைத்த ஆய்வேட்டைப் புதிதாக நிறுவிய கணினியில் திறந்தால் எழுத்துகள் தெரியும். ஆனால் எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் ஓடி, பக்க எண்களும் பொருளடக்கமும் பிறழும். அமைப்புகளில் தமிழ் மொழியையோ அத்துணை எழுத்துருக்களையோ சேர்த்தால் இது சரியாகும். பதிப்பகப் பணியில் பழக்கமான டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2023 சனவரியில் நிறுத்தியது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அவற்றில் உருவான பக்கங்களைப் புதிய பதிப்பு மென்பொருளில் திறக்கும்போது வேறோர் எழுத்துருவே அவ்விடத்தை நிரப்பும்.

விசைப்பலகையும் விரற்பழக்கமும்

தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தட்டச்சுத் தேர்வுகளில் இளநிலை, முதுநிலை தேறியோர் பலர் தட்டச்சுப் பொறியின் அமைப்பிலேயே கணினியிலும் எழுதுகின்றனர். பள்ளி கல்லூரிகளிற் பயின்ற சிலர் தமிழ்99ஐயும், வேறு சிலர் ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையையும் கையாள்கின்றனர். விண்டோஸ் தமிழுக்கென நெடுங்காலமாகத் தந்துவந்தது இன்ஸ்கிரிப்ட் முறையைத் தழுவிய விசைப்பலகை. விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில் தமிழ்99, அஞ்சல் ஆகியனவும் உள்ளிணைந்து வருகின்றன. தட்டச்சுப் பொறி அமைப்பை வேண்டுவோர் என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்களையோ தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கும் விசைப்பலகை மென்பொருளையோ நாட வேண்டியுள்ளது.

புதிய தளத்தில் ‘தமிழ்’ என்பதை மட்டும் சேர்த்துவிட்டு, விசைகள் மாறித் தோன்றக்கண்டு மென்பொருள் பழுது எனக் கருதுவோர் உண்டு. மாறியது அமைப்பே. ஆகவே பழைய கணினியில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு, மொழியை மாற்ற எந்தக் குறுக்குவிசை என்னும் நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி இடப்படும். இத்தகைய தானியங்கு நெறிகளைக் கையாளும் விதம் மென்பொருளுக்கு மென்பொருள் சற்றே வேறுபடலாம் என்பதால், பெயரொற்றுமையை மட்டும் நம்புதல் போதாது.

ஒரே வடிவம், வேறு குறிகள்

விசைப்பலகை மென்பொருளை மாற்றுவதில் கண்ணுக்குத் தெரியாத மற்றொரு சிக்கல் உள்ளது. ஒருங்குறியில் ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தை இரு வகையாகப் பதியலாம். முன்னர் அது ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்னும் வரிசையில் எழுதப்பட்டது. 2005இல் வெளியான ஒருங்குறி 4.1 பதிப்பில் ‘ஶ’ என்னும் எழுத்துச் சேர்ந்தபின், ஸகரத்திற்கு மாறாக அதனைக் கொண்டெழுதும் வரிசை முறையானதாயிற்று. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் தேடுபொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஸ்ரீனிவாசன், ஸ்ரீதேவி போன்ற பெயர்கள் பழைய பத்திர முன்வரைவில் ஒரு வரிசையிலும், புதிய விசைப்பலகையில் மற்றொரு வரிசையிலும் பதிவானால், தேடல் ‘இல்லை’ என்றே விடைதரும். வில்லங்கம் பார்க்கவோ பழைய வரைவை ஒப்பிடவோ பெயரைத் தேடுவோர்க்கு இவ்விடை பொய்யான உறுதியைத் தந்துவிடும்.

இதுபோன்றே ‘ஔ’ என்னும் உயிரை ஒகரத்துடன் ளகரம் சேர்த்தும், ரகரத்திற்கு மாறாகக் கால் குறியை இட்டும் எழுதும் பழக்கம் உண்டு. தாளில் இவை பிழையாகத் தெரிவதில்லை. தேடலிலும் அகரவரிசையிலும் சொல்லடைவிலும் பிழையாகின்றன. சொற்றொகையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகளின் முடிவையே இவை மாற்றக்கூடும்.

மாற்றத்திற்கு முன் செய்யத்தக்கன

ஏட்டுச்சுவடி செல்லரிக்கும் முன்னரே புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியது தமிழ் மரபு. மூல ஏடு கையில் இருக்கும்வரைதான் படியை அதனோடு ஒப்பிட முடியும். இயங்குதள மாற்றத்திற்கும் இது பொருந்தும். பழைய கணினி சரியாக இயங்கும்போதே பின்வரும் பணிகளை முடித்தல் வேண்டும்.

முதலாவது, அமைப்புப் பட்டியல். நிறுவிய மென்பொருள்கள், அவற்றின் உரிம எண்கள், எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சில வணிக எழுத்துரு மென்பொருள்கள் யூஎஸ்பி பூட்டுடன் மட்டுமே இயங்கும். அப்பூட்டுக்குரிய இயக்கி புதிய தளத்திற்குக் கிடைக்கிறதா என்பதை முன்னரே அறிதல் நன்று. விண்டோஸ் 11 முற்றிலும் 64 பிட்டுத் தளம் என்பதால் 16 பிட்டுக்கால மென்பொருள்கள் அதில் நேரடியாக இயங்கா.

இரண்டாவது, சான்றுப் படி. பழைய எழுத்துருவில் உள்ள முதன்மையான ஆவணங்கள் ஒவ்வொன்றையும் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதிலிருந்து நகலெடுத்தால் சிதைந்த எழுத்தே வரும். எனினும் கண்ணாற் படிக்கலாம். பின்னர் ஒப்பிட்டுத் திருத்த அதுவே மூல ஏடாக நிற்கும்.

மூன்றாவது, ஒருங்குறி மாற்றம். எழுத்துரு மாற்றிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனப் பதிவாகும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். மாற்றி இவ்வரிசையைத் திருப்பியமைக்க வேண்டும் என்பதால் பிழைகள் பெரும்பாலும் கொம்புடைய எழுத்துகளைச் சுற்றியே நேரும். ஆவணம் முழுவதையும் ஒருசேர மாற்றினால் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே எழுத்துரு வாரியாகத் தேர்ந்து மாற்றுதல் வேண்டும். பனுவலை மட்டும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டினால் அடிக்குறிப்பும் தடித்த எழுத்தும் உதிர்ந்துபோகும் என்பதை ஆய்வேடு எழுதுவோர் கருத்திற்கொள்ள வேண்டும். பிறருடைய சொத்து விவரம், கையொப்பமிட்டோர் பெயர் அடங்கிய பத்திரங்களை இணையவழி மாற்றிகளில் இடாமல், கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துதல் தகும்.

நான்காவது, மறைகோப்புறை நகல். சொற்செயலியின் இயல்பு வார்ப்புரு, பயனர் அகராதி, தானியங்கித் திருத்தப் பட்டியல், உலாவியின் பயனர் கோப்புறை ஆகியவற்றைத் தேர்ந்து எடுக்க வேண்டும். மறைகோப்புறை முழுவதையும் அப்படியே புதிய தளத்தில் ஒட்டுதல் கூடாது. பழைய பாதைகளும் பதிப்பு முரண்களும் எந்தக் கோளாற்றுக்காகத் தளம் மாற்றப்பட்டதோ அதனையே மீண்டும் கொணரக்கூடும்.

ஐந்தாவது, இரண்டு இடங்களில் சேமிப்பு. நகல் ஒரே பென் டிரைவில் இருப்பது நகல் இல்லாமைக்கு ஒப்பாகும். நகலெடுத்தபின் வேறொரு கணினியில் அதனைத் திறந்து பார்த்த பின்னரே பழைய வன்தட்டை அழிக்க வேண்டும்.

லினக்சுத் தளத்திற்கு மாறுதல்

விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறினைக் கோருகிறது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை போன்ற பழைய கணினிகள் அத்தகுதியைப் பெறா. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த லினக்சு ஒரு வழி. இது தமிழகத்திற்குப் புதிதன்று. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. அரசு வழங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இணைந்து வந்தது.

லினக்சில் பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் ‘ஹோம்’ என்னும் ஒரே கோப்புறையின்கீழ் அமைகின்றன. நிறுவும்போதே அதனைத் தனிப் பகுதியாக வைத்தால், பின்னர் தளத்தை எத்தனை முறை மாற்றினும் அமைப்புகள் அழியா. தமிழ் உள்ளீட்டிற்கு ஐபஸ் கருவியுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு முறைகளும் இலங்கையின் ரெங்கநாதன் அமைப்பும் கிடைக்கின்றன. பாமினி போன்ற டிடிஎஃப் எழுத்துருக்களும் அதில் இயங்கும்.

மாற்றத்தின் பின் சரிபார்ப்பு

புதிய தளத்தில் முதலில் எழுத்துருக்களையும் அடுத்து விசைப்பலகையையும் நிறுவி, அதன்பின்னரே ஆவணங்களைத் திறத்தல் முறை. எழுத்துரு இல்லாத நிலையில் ஆவணத்தைத் திறந்து, மாற்று எழுத்துருவைத் தேர்ந்து சேமித்துவிட்டால், எந்த எழுத்துருவில் அது எழுதப்பட்டது என்னும் குறிப்பும் அழிந்துபோகும்.

சரிபார்ப்புக்கென ஒரு பக்கச் சோதனைத்தாள் உதவும். கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய கொம்புடைய வரிசை, ஸ்ரீ, க்ஷ, ஃ, ஔ, தமிழ் எண்கள், ‘ந்த’, ‘ஞ்ச’ போன்ற இனவெழுத்துத் தொடர்கள் ஆகியவற்றை அதில் அமைத்து, பழைய கணினியில் எடுத்த அச்சோடு புதியதை ஒப்பிட வேண்டும். பழைய நில ஆவணங்களை ஆராய்வோர், தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019இல் ஒருங்குறி 12.0 பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டதையும், அவற்றைக் காட்டப் புதிய எழுத்துருக்கள் வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

முடிவுரை

தமிழ்க் கணினியில் அமைப்பு என்பது பனுவலுக்குப் புறம்பானதன்று. ஒருங்குறிக்கு முந்திய கோப்புகளில் அது பனுவலின் ஒரு பாதி. ஒருங்குறிக் கோப்புகளிலும் தேடலையும் வரிசையையும் தீர்மானிக்கும் கூறு. ஆகவே இயங்குதள மாற்றத்தை ஆவணப் பாதுகாப்பாகவும் கருதுதல் வேண்டும். பழைய சூழல் இயங்கும்போதே பட்டியலிட்டு, சான்றுப் படி எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, ஒப்பிட்டுப் பார்த்தால் இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம். வட்டத் தலைமையிடங்களின் தட்டச்சகங்களிலும் ஆவண எழுத்தர் அலுவலகங்களிலும் உள்ள கோப்புகள் எந்த நூலகப் பட்டியலிலும் இடம்பெறாதவை. ஒரு வட்டாரத்தின் நில உரிமை, குடும்ப உறவு, அன்றாட வழக்கு ஆகியவற்றுக்கான எழுத்துச் சான்றுகள் அவற்றில் உள்ளன. வன்தட்டை அழிக்கும் கட்டளையை இடுவதற்கு முன் செலவிடும் ஒரு நாள் அச்சான்றுகளைக் காக்கும்.